படச்சுருளைத் தமதாக்கிக்கொண்ட கலைஞர்: டெசி ஆர்னாஸ் வாழ்க்கை

உழைப்பிற்குக் கூலி உண்டு என்பதை உலகம் நெடுங்காலமாக ஒப்புக்கொண்டுள்ளது. ஆயினும், அவ்வுழைப்பால் உருவான பொருள், உழைத்தவன் கையை விட்டுச் சென்ற பின்னரும் ஆண்டாண்டாகப் பயன் தந்துகொண்டே இருக்குமாயின், அப்பயன் யாரைச் சேர்தல் வேண்டும் என்னும் வினாவிற்கு அத்துணை எளிதில் விடை கிடைப்பதில்லை. தென்னந்தோப்பில் காய் பறிப்பவன் அன்றைய கூலியை அன்றே பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிறான். தோப்பிற்கு உரியவனுக்கோ மரம் நிற்குமளவும் காய் உண்டு. கலைஞன் காய் பறிப்பவனா, தோப்பிற்கு உரியவனா? இவ்வினாவைத் தம் வாழ்க்கையினாலேயே எழுப்பிச் சென்ற ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுத விழைந்தோம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் இறுதியில், கொள்ளைநோய்க்கு அஞ்சி நாடே கதவடைத்து வாழ்ந்த நாள்களை நம் காலனி அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1987, 1988ஆம் ஆண்டுகளில் காட்டப்பட்ட இராமாயணத் தொடரைத் தூர்தர்ஷன் அப்போது மீண்டும் ஒளிபரப்பியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தந்தையின் மடியிலிருந்து கண்டவர்கள், தம் மக்களை அருகில் இருத்திக்கொண்டு கண்டார்கள். பழம் பொருள் ஒன்று பழைமையால் மதிப்பிழவாமல், மீண்டும் புதிதாக வீடுதோறும் நுழைந்த காட்சி அது. ஒருமுறை எடுத்த படத்தைப் பன்முறை காட்டலாம், பல ஊர்களுக்கு விற்கலாம், பல தலைமுறைக்கும் விற்கலாம் என்னும் இவ்வழக்கம் எங்கே வேரூன்றியது என்று ஆராயப் புகுவோர் அமெரிக்க நாட்டில், 1951ஆம் ஆண்டில், கியூபாவிலிருந்து புகலிடம் தேடி வந்த ஓர் இசைக்கலைஞரின் வாயிலில் சென்று நிற்பர். அவரே டெசி ஆர்னாஸ்.

பிறந்த மண்ணை விட்டு வந்து வேற்று மொழியாரிடையே குடியமர்ந்த நமக்கு, அவர் வரலாறு சற்று நெருக்கமானதாகவே தோன்றும்.

பிறந்த மண்ணும் இழந்த மனையும்

கியூபாத் தீவின் சாந்தியாகோ நகரில் 1917ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் டெசி பிறந்தார். தந்தையார் அந்நகரின் நகரத் தலைவராகவும் பின்னர் நாட்டின் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர். தாய்வழிப் பாட்டனார் புகழ்பெற்ற பக்கார்டி மது நிறுவனத்தில் உயர் பதவி வகித்தவர். மாளிகையும் நிலபுலங்களும் உடைய குடும்பம். ஒரே மகனாகிய டெசி செல்வச் செழிப்பிலே வளர்ந்தார்.

1933ஆம் ஆண்டில் கியூபாவில் புரட்சி மூண்டது. குடியரசுத் தலைவர் மச்சாதோவின் ஆட்சி வீழ்ந்தது. பழைய ஆட்சியைச் சார்ந்தோர் வீடுகள் சூறையாடப்பட்டன. டெசியின் குடும்பமும் தப்பவில்லை. வீடு போயிற்று, நிலம் போயிற்று, தந்தையார் சிறை புகுந்தார். ஆறு திங்களுக்குப் பின்னரே அவருக்கு விடுதலை கிடைத்தது. தந்தையார் அமெரிக்காவின் மயாமி நகருக்குச் செல்ல, 1934இல் மகனும் அவரைப் பின்தொடர்ந்தார்.

மாளிகையில் வாழ்ந்தவர்கள் மயாமியில் வாடகை கொடுக்க வழியின்றிப் பண்டகசாலை ஒன்றிலேயே தங்கினர். எலிகள் ஓடும் அவ்விடத்தில் தந்தையும் மகனும் உறங்கினர். நகரத் தலைவரின் மைந்தர் அயலார் வளர்த்த பறவைகளின் கூண்டுகளைத் துடைத்துக் காசு பெற்றார். ஆங்கிலமும் அப்போதுதான் ஒருவாறு பழகத் தொடங்கியிருந்தார். அவர் நாவில் அம்மொழி இறுதிவரை கியூபா மணத்தோடே ஒலித்தது.

உடைமை என்பது ஒரே இரவில் கைவிட்டுப் போகக்கூடியது என்பதைப் பதினாறு வயதிலேயே கண்டவர் அவர். பிற்காலத்தில் ஓர் ஒப்பந்தத்தாளின் முன் அமர்ந்தபோது, மற்றவர்கள் சம்பளத்தையே நோக்க, அவர் உடைமையை நோக்கியதற்கு அவ்விளமைத் துன்பமும் ஒரு காரணமாதல் கூடும் என்றே நாம் கருதுகிறோம்.

இசையும் இல்லறமும்

டெசிக்குக் கித்தார் வாசிக்கவும் பாடவும் தெரியும். மயாமி விடுதியொன்றில் சிறு குழுவினரோடு பாடிக்கொண்டிருந்தவரைப் புகழ்பெற்ற இசைக்குழுத் தலைவர் சேவியர் கூகாட் தம்முடன் சேர்த்துக்கொண்டார். கூகாட்டிடம் பணியாற்றியபோது இசையோடு, குழு நடத்தும் கணக்கு வழக்கையும் டெசி கற்றார். பின்னர்த் தனிக்குழு அமைத்தார். தம் ஊர்த் திருவிழாக்களில் மக்கள் வரிசையாக ஆடிச் செல்லும் காங்கா ஆட்டத்தை அமெரிக்க விடுதிகளில் பரப்பியவர்களுள் அவர் முதன்மையானவர்.

1939இல் நியூயார்க்கு நாடகமேடையில் ஓர் இசைநாடகத்தில் நடித்தார். மறு ஆண்டு அந்நாடகம் ஆர்.கே.ஓ. என்னும் ஹாலிவுட் நிறுவனத்தால் திரைப்படமாக்கப்பட்டபோது, அதில் நடிக்க வந்திருந்த லூசில் பால் என்னும் அம்மையாரைச் சந்தித்தார். டெசியைவிட ஆறாண்டு மூத்தவர் அவ்வம்மையார். 1940ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இருவரும் மணம் புரிந்துகொண்டனர்.

மணவாழ்க்கை தொடக்கத்திலிருந்தே பிரிவின் நிழலில் கழிந்தது. டெசி இசைக்குழுவுடன் ஊர் ஊராகச் செல்ல, லூசில் அம்மையார் ஹாலிவுட்டில் படங்களில் நடித்து வந்தார். போர்க்காலத்தில் டெசி இராணுவப் பணியும் ஆற்றினார். ஒருவர் உறங்கும் நேரத்தில் மற்றவர் உழைத்தார். ஒரே கூரையின்கீழ் ஒரே தொழிலைச் செய்ய வேண்டும் என்னும் ஏக்கம் இருவருக்கும் இருந்தது. பிற்காலத்தில் உலகம் வியந்த ஒரு பெருந்தொழில், கணவனும் மனைவியும் பிரியாதிருத்தல் வேண்டும் என்னும் எளிய விருப்பத்திலிருந்தே பிறந்தது.

ஒலிபரப்பும் ஒளிபரப்பும் அன்றிருந்த நிலை

இவ்விடத்தில் அக்கால ஒலிபரப்பு முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும்.

அமெரிக்காவில் வானொலியும் தொலைக்காட்சியும் அரசின் கையில் தொடங்கவில்லை. ஊர்தோறும் தனியார் நிலையங்கள் தோன்றின. என்.பி.சி., சி.பி.எஸ். போன்ற பெருங்கழகங்கள் தமக்கெனச் சில நிலையங்களை மட்டுமே வைத்திருந்தன. ஏனைய ஊர் நிலையங்கள் ஒப்பந்தத்தால் அவற்றோடு இணைந்தவை. கழகம் தன் நிகழ்ச்சியைக் கம்பி வழியே அனுப்பும். ஊர் நிலையங்கள் அதே நேரத்தில் அதனை ஒலிபரப்பும். கழகம் நிகழ்ச்சி தராத நேரங்களில் ஊர் நிலையம் தன் பொறுப்பில் ஏதேனும் ஒன்றைத் தேடிக்கொள்ள வேண்டும். அவ்வெற்றிடத்தை நிரப்பவே நிகழ்ச்சி விற்பனை என்னும் தனித்தொழில் எழுந்தது. கழகத்தின் வழியாகவன்றி, ஒரு நிகழ்ச்சியை ஊர் ஊராக நிலையங்களுக்கு நேரே விற்பதை அமெரிக்கர் சிண்டிகேஷன் என்பர்.

வானொலிக் காலத்திலேயே இதற்கு வித்திடப்பட்டது. 1928இல் சிகாகோ நகரில் கொரல், காஸ்டன் என்னும் நடிகர் இருவர், தம் அமாஸ் அண்டு ஆண்டி என்னும் தொடரைத் தட்டுகளில் பதிந்து பல ஊர் நிலையங்களுக்கு அனுப்பினர். கறுப்பின மக்களை வெள்ளையர் இருவர் நகையாடிய அத்தொடரின் பொருள் இன்று ஒப்பத்தக்கதன்று. ஆயினும், கம்பியின்றித் தட்டினாலேயே நிலையங்களை இணைத்த அம்முறை புதுமையானது. பின்னர், சின்சினாட்டி நகரத்து பிரெடரிக் சிவ் என்பவர் இதனைப் பெருவணிகமாக வளர்த்தார். பெருங்கழகங்களோ பதிவுசெய்த நிகழ்ச்சிகளை நெடுங்காலம் இழிவாகவே கருதின. நேரில் பாடுவதும் பேசுவதுமே உயர்ந்தவை என்பது அவற்றின் கொள்கை.

இது நமக்கும் முற்றிலும் புதியதன்று. 1952 முதல் இலங்கை வானொலியில் வந்த பினாக்கா கீத்மாலா, பம்பாயில் பதிவு செய்யப்பட்டு, நாடாவாக விமானத்தில் கொழும்பு சென்று, அங்கிருந்து மீண்டும் இந்நாட்டு இல்லங்களில் ஒலித்ததை வடநாட்டில் வாழும் நம் முதியோர் அறிவர்.

தொலைக்காட்சி வந்தபோதும் நேரடி நிகழ்ச்சியே வழக்கமாயிற்று. நியூயார்க்கில் நடிப்பர், கிழக்குப் பகுதி மக்கள் அந்நொடியே காண்பர். மேற்குக் கடற்கரைக்கோ, படக்குழாயின் திரையில் தோன்றும் உருவத்தையே மற்றொரு காமிராவால் படமெடுத்து அனுப்புவர். கினெஸ்கோப் எனப்பட்ட அப்படம் மங்கலாகவும் சிதைந்தும் இருக்கும். ஒருமுறை காட்டியபின் அதற்கு மதிப்பில்லை. நடித்தவர் கூலி பெற்றார், நிகழ்ச்சி காற்றோடு கலந்தது, அவ்வளவே.

ஆயிரம் டாலரின் விலை

லூசில் அம்மையார் 1948 முதல் சி.பி.எஸ். வானொலியில் ஓர் இல்லற நகைச்சுவைத் தொடரில் நடித்துப் புகழ்பெற்றிருந்தார். அதனைத் தொலைக்காட்சிக்குக் கொணரக் கழகம் விரும்பியது. கணவராகத் தம் உண்மைக் கணவரே நடிக்க வேண்டும் என்று அம்மையார் உறுதியாகக் கூறினார். கழகத்தார் தயங்கினர். அமெரிக்கப் பெண்ணுக்குக் கியூபாக் கணவர் என்பதை மக்கள் ஏற்கமாட்டார்கள் என்றும், அவர் பேசும் ஆங்கிலம் விளங்காது என்றும் அவர்கள் எண்ணினர்.

தம்பதியர் வாதாடிப் பொழுதைக் கழிக்கவில்லை. 1950இல் இருவர் பெயரையும் இணைத்து டெசிலு என்னும் நிறுவனத்தை அமைத்து, ஊர் ஊராக மேடையில் நடித்துக் காட்டினர். மக்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர். கழகத்தாரின் ஐயம் நீங்கிற்று.

அடுத்த தடை விளம்பரதாரரிடமிருந்து வந்தது. பிலிப் மாரிஸ் என்னும் சிகரெட்டு நிறுவனம், தொலைக்காட்சிப் பெட்டிகள் மிகுந்திருந்த கிழக்குப் பகுதியினர் மங்கலான படத்தைக் காணக்கூடாது, ஆகவே நியூயார்க்கிற்கு வந்து நேரடியாக நடித்தல் வேண்டும் என்றது. தம்பதியரோ ஹாலிவுட்டை விட்டுப் பெயர விரும்பவில்லை. 1951 ஜூலையில்தான் அவர்கட்கு முதல் பெண்மகவு பிறந்திருந்தது. அப்போது டெசி ஒரு வழி கூறினார். திரைப்படங்களைப்போலவே உயர்ந்த 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்துவிடலாம். எல்லாப் பகுதியினரும் ஒரே தெளிவுடன் காணலாம் என்பதே அது.

ஆனால், வாரந்தோறும் 5,000 டாலர் செலவு மிகும் என்று கணக்கிடப்பட்டது. கழகமும் விளம்பரதாரரும் தலைக்கு 2,000 டாலர் ஏற்க முன்வந்தனர். மீதி 1,000 டாலரைத் தம்பதியர் தம் சம்பளத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றனர். டெசி இசைந்தார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். ஒளிபரப்பு முடிந்தபின் அப்படச்சுருள்கள் டெசிலு நிறுவனத்திற்கே உரியனவாதல் வேண்டும்.

கழகத்தார் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. ஒருமுறை கண்ட நகைச்சுவையை மறுமுறை யார் காண்பார்? பெட்டியில் உறங்கப்போகும் பிலிமை யார் வைத்திருந்தால் என்ன? அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். அவர்கள் அறிந்த தொலைக்காட்சியில் அத்தகைய மறுவாழ்வு இருந்ததில்லை, அவ்வளவே. காய் பறிக்கும் கூலியில் ஆயிரத்தை விட்டுக்கொடுத்தவர், அன்று தோப்பையே எழுதி வாங்கிக்கொண்டார்.

மூன்று காமிராக்களும் முந்நூறு பேரும்

எண்ணியதைச் செயலாக்குதல் எளிதாக இருக்கவில்லை. லூசில் அம்மையாரின் நகைச்சுவை, எதிரே மக்கள் அமர்ந்து சிரித்தால்தான் மலரும். திரைப்படம் எடுக்கும் கூடத்திலோ பொதுமக்களுக்கு இடமில்லை. டெசியும் அவர் குழுவினரும் ஹாலிவுட்டில் ஒரு ஸ்டூடியோவை எடுத்து, ஏறத்தாழ 300 பேர் அமர வரிசைப்படிகள் கட்டினர். தீயணைப்பு விதிகட்கிணங்க மக்கள் வந்துபோகத் தெருப்பக்கம் தனிவாயில் திறந்தனர்.

ஒளிப்பதிவுக்குக் கார்ல் பிராயண்டு என்னும் பேரறிஞரை அழைத்தனர். 1927இல் வெளிவந்த மெட்ரோபொலிஸ் என்னும் செருமானியப் படத்தின் ஒளிப்பதிவாளர்களுள் ஒருவர் அவர். ஆஸ்கர் பரிசும் பெற்றவர். ஒவ்வொரு காட்சிக்கும் விளக்குகளை மாற்றியமைப்பது திரைப்பட வழக்கம். மக்கள் முன் இடைவிடாமல் நடிக்கும்போது அதற்கு நேரம் ஏது? ஆகவே, மூன்று காமிராக்களும் எக்கோணத்தில் நோக்கினும் பொருந்துமாறு, மேலிருந்து சீராக ஒளி பரவும் முறையை அவர் வகுத்தார். ஒன்று முழு அரங்கையும், ஏனைய இரண்டு நடிப்போர் முகங்களையும் பற்றிக்கொள்ளும். பின்னர் அச்சுருள்களை ஒருங்கே ஓட்டிப் பார்க்கும் எந்திரத்தில் இணைத்துத் தொகுப்பர்.

பல காமிராக்களால் பிலிமில் பதியும் முறையை டெசியே முதன்முதலில் கண்டார் என்று கூறுவது முற்றும் பொருந்தாது. அவர்க்கு முன்னரும் சிலர் முயன்றுள்ளனர். ஆயின், நகைச்சுவை நாடகத்திற்கு அதனை நிலையான முறையாக்கிய பெருமை அவரையும் அவர் குழுவினரையுமே சாரும். பிற்காலத்து அமெரிக்க நகைச்சுவைத் தொடர்கள் பலவும் அவ்வழியையே பின்பற்றின.

1951ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், திங்கட்கிழமை இரவு, ஐ லவ் லூசி என்னும் அத்தொடர் தொடங்கியது. விரைவிலேயே அமெரிக்காவில் மிகுதியானோர் காணும் நிகழ்ச்சியாயிற்று.

மறுமுறை காட்டிய படம்

1952இல் லூசில் அம்மையார் மீண்டும் கருவுற்றார். கருவுற்ற பெண்ணைத் தொலைக்காட்சியில் காட்டுவதா என்று விளம்பரதாரர் தயங்கினர். டெசி விடவில்லை. கருவுற்றிருத்தலைக் கதையிலேயே சேர்த்தனர். சமயத் தலைவர்கள் மூவரிடம் முன்னரே கதையைக் காட்டி இசைவு பெற்றனர். 1953ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள், கதையில் குழந்தை பிறந்த அதே நாளில் அம்மையாருக்கும் ஆண்மகவு பிறந்தது. அன்றிரவு அக்காட்சியை 4 கோடியே 40 இலட்சம் மக்கள் கண்டதாகக் கணக்கிட்டுள்ளனர். மறுநாள் ஐசனோவர் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற நிகழ்ச்சியைக் கண்டவர் தொகை அதனினும் குறைவு.

பேறுகாலத்தையொட்டிப் புதுப்படங்கள் போதாத வாரங்களில், முதலாண்டுப் படங்கள் சில மீண்டும் காட்டப்பட்டன. மக்கள் முகஞ்சுளிப்பார்கள் என்று அஞ்சியவர்கள் வியந்தனர். பழைய படத்தையும் மக்கள் விரும்பிக் கண்டனர். முன்னர்க் கண்டவர்கள் மீண்டும் சிரித்தனர். அதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. 1950இல் அமெரிக்க இல்லங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பதில்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. 1955இலோ மூன்றில் இரு பங்கு இல்லங்களில் அது புகுந்துவிட்டது. புதிதாகப் பெட்டி வாங்கியவர்க்குப் பழைய படமும் புதிய படமே.

உறங்கப்போவதாக எண்ணிய பிலிம் விழித்துக்கொண்டது. அதன் விலை என்ன என்பதைக் கழகத்தார் அப்போதுதான் உணரத் தொடங்கினர்.

ஊர் ஊராக விற்கும் வணிகம்

இவ்வணிகம் நடைபெறும் முறையை நம் இல்லத்தரசியரும் இளைஞரும் அறிந்துகொள்ளுதல் நன்று.

ஒரு தொடர் பெருங்கழகத்தில் வாரம் ஒருமுறையாகச் சில ஆண்டுகள் ஓடி நற்பெயர் பெறுகிறது. பின்னர் அதன் உரிமையாளர், ஒவ்வொரு நகரத்திலும் ஒரு நிலையத்தோடு தனித்தனியே ஒப்பந்தம் செய்கிறார். அந்நகரத்தில் வேறெந்த நிலையமும் அதனைக் காட்டலாகாது. பெருநகருக்கு ஒரு விலை. சிற்றூருக்கு ஒரு விலை. இத்தனை ஆண்டுகளுக்குள் இத்தனை முறை காட்டலாம் என்றும் வரையறை உண்டு. படம் நிலையத்திற்குச் சொந்தமாவதில்லை. காட்டும் உரிமையே வாடகைக்குப் போகிறது. நிலையத்தார் இடையிடையே உள்ளூர்க் கடைகளின் விளம்பரங்களைச் சேர்த்துத் தம் செலவை மீட்டுக்கொள்வர். பிலிம் காலத்தில் ஒரு பிரதியை ஓர் ஊரில் காட்டியபின், அஞ்சலில் அடுத்த ஊருக்கு அனுப்புவர். நம் ஊர்க் கொட்டகைகளில் படப்பெட்டி ஊர் மாறியதைப்போன்றதே அது.

வேறொரு முறையும் உண்டு. நிலையம் பணம் கொடுப்பதில்லை, அல்லது குறைத்துக் கொடுக்கும். அதற்கு ஈடாக விளம்பர நேரத்தில் ஒரு பகுதியை உரிமையாளரே வைத்துக்கொண்டு பெருநிறுவனங்களுக்கு விற்பார். பண்டமாற்றை ஒத்தது இது.

மறு ஒளிபரப்பில் ஒரு தொடரை வாரத்தில் ஐந்து நாளும் ஒரே நேரத்தில் காட்டுவதே வழக்கம். ஆகவே நூறு படங்களேனும் சேர்ந்தால்தான் இருபது வாரங்களுக்கு வரும். அதற்குக் குறைந்தால் நிலையத்தார் தயங்குவர். ஐ லவ் லூசி 180 படங்கள் கொண்டது. நாளொன்றுக்கு ஒன்றாகக் காட்டின் முப்பத்தாறு வாரங்களுக்குக் குறைவில்லை. முதல் ஒளிபரப்பில் செலவைக்கூட ஈட்டாத தொடர், பின்னர் இவ்விற்பனையால் பன்மடங்கு ஈட்டுதலும் உண்டு. முதல் ஒளிபரப்பு பயிர் என்றால், மறு ஒளிபரப்பே அறுவடை.

விற்றதும் வாங்கியதும்

1957ஆம் ஆண்டு மே 6ஆம் நாளோடு தொடரின் வாராந்தர ஒளிபரப்பு நிறைவுற்றது. அக்காலத்தில் டெசி பெருமுடிவு ஒன்றை எடுத்தார். ஐ லவ் லூசியின் மறு ஒளிபரப்பு உரிமையைச் சி.பி.எஸ். கழகத்திற்கே 40 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு விற்றார். ஆறாண்டுகளுக்கு முன் கேட்டவுடன் விட்டுக்கொடுத்த பொருளைக் கழகம் இப்போது பெரும்பொருள் கொடுத்து மீட்டுக்கொண்டது.

அச்செல்வத்தின் துணையால், 60 இலட்சம் டாலருக்குச் சற்று மேற்பட்ட விலையில், டெசிலு நிறுவனம் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோக்களை வாங்கிற்று. டெசியும் லூசில் அம்மையாரும் ஒருகாலத்தில் சம்பளத்திற்கு நடித்த இடம் அது. அவர்கள் முதன்முதலில் சந்தித்ததும் அங்கேயே. கூலிக்கு நுழைந்த வாயிலில் உரிமையாளராக நுழைந்தனர். கூண்டு துடைத்த கைகளில் ஹாலிவுட்டின் பெரும் படப்பிடிப்புக் கூடங்களின் சாவி வந்து சேர்ந்தது.

ஆயினும், அவ்விற்பனை அறிவுடைமையா என்னும் வினா இன்றும் எழுகிறது. சி.பி.எஸ். 1959 முதல் 1967 வரை அத்தொடரைப் பகல் நேரத்தில் காட்டியது. அதன்பின் ஊர் ஊராக நிலையங்களுக்கு விற்றது. பல்லாண்டுகள் கடந்தும் அதன் வருவாய் நிற்கவில்லை. பெருங்கழகங்களே விற்பனையையும் கைக்கொள்ளுதல் கூடாது என்று 1970இல் அரசின் விதி வந்தபோது, சி.பி.எஸ். அத்தொழிலைப் பிரித்து 1971இல் வயாகாம் என்னும் தனி நிறுவனமாக்கியது. அப்புதிய நிறுவனத்திற்கு முதலாக அமைந்த பண்டங்களுள் ஐ லவ் லூசியும் ஒன்று. தோப்பை எழுதி வாங்கியவரே, நிலம் வாங்குவதற்காக அத்தோப்பை விற்றார். அவ்விற்பனை இன்றேல் ஸ்டூடியோ இல்லை. ஸ்டூடியோ இன்றேல் டெசிலுவின் பிற படைப்புகளும் இல்லை. நம் அளவில், அவர் செய்தது பிழையென்று துணிந்து கூற இயலவில்லை.

பங்கு பெறாதோர்

மற்றொரு பக்கத்தையும் மறைத்தல் நேர்மையாகாது. உரிமை நிறுவனத்திற்குக் கிடைத்தது; உடன் நடித்தவர் யாவருக்கும் அது கிடைத்ததாகக் கூற இயலாது. அக்கால நடிகர்சங்க ஒப்பந்தங்களில், முதற்சில மறு ஒளிபரப்புகளுக்கு மட்டுமே நடிகர்க்குத் தொகை உண்டு. பின்னர் எத்தனை முறை காட்டினும் இல்லை. காட்டுந்தோறும் தொகை என்னும் உரிமையை அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர்கள் 1974இல்தான் வென்றனர். அண்டை வீட்டாராக நடித்துத் தொடருக்கு உயிரூட்டிய வில்லியம் பிராலியும் விவியன் வான்ஸ் அம்மையாரும் அதற்கு முந்திய காலத்தவர். அவர்கள் முகம் நாள்தோறும் ஆயிரம் ஊர்களில் தோன்றியது. அவ்வொளிபரப்புகளின் பயன் அவர்கள் இல்லம் சேரவில்லை.

நம் நாட்டிலும் இதே குறை நெடுநாள் இருந்தது. திரைப்படத்திற்குப் பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் ஒருமுறை ஊதியம் பெற்றதோடு உரிமை இழந்தனர். 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே, அவர்கள் விட்டுக்கொடுக்கவியலாத பங்குரிமை ஒன்றைப் பெற்றனர்.

இறுதிக் காலம்

பிரியாதிருக்கத் தொடங்கிய தொழிலே இறுதியில் பிரிவிற்கும் துணையாயிற்று. ஸ்டூடியோவின் பெருஞ்சுமை டெசியை அழுத்தியது. மதுப்பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. இல்லறத்தில் நெறி தவறினார். 1960இல் மணமுறிவு ஏற்பட்டது. 1962இல் தம் பங்கை லூசில் அம்மையாருக்கே விற்றுவிட்டு டெசி விலகினார். அதனால் ஹாலிவுட்டின் பெரும் ஸ்டூடியோ ஒன்றிற்குத் தலைமை தாங்கிய பெண்மணி என்னும் சிறப்பு அம்மையாருக்குக் கிடைத்தது.

அம்மையார் தலைமையில் டெசிலு தொடங்கிய தொடர்களுள் ஒன்று 1966இல் வந்த ஸ்டார் ட்ரெக். முதல் ஒளிபரப்பில் அது பெருவெற்றி பெறவில்லை. 79 படங்களோடு 1969இல் நிறுத்தப்பட்டது. ஊர் நிலையங்களில் மாலைதோறும் மீண்டும் காட்டப்பட்ட பின்னரே, இளைஞர் கூட்டம் அதனைக் கொண்டாடிற்று. திரைப்படங்களும் புதுத்தொடர்களும் தொடர்ந்தன. டெசி வகுத்த வழியின் ஆற்றலுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆனால் அவ்வறுவடைக் காலத்தில் டெசிலு என்னும் பெயரே இல்லை. 1967இல் 170 இலட்சம் டாலருக்கு அது விற்கப்பட்டுப் பாரமவுண்ட் நிறுவனத்தோடு கலந்துவிட்டது.

டெசி கலிபோர்னியாவில் குதிரைகள் வளர்த்தும், அவ்வப்போது சிறு தயாரிப்புகளில் ஈடுபட்டும் வாழ்ந்தார். 1976இல் தன்வரலாறு எழுதினார். முதுமையில் மதுவை விட்டொழித்தார். 1986ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், நுரையீரல் புற்றுநோயால், டெல் மார் என்னும் கடற்கரையூரில் காலமானார்.

ஐந்து நாள் கழித்து, வாஷிங்டன் கென்னடி மண்டபத்தில் லூசில் அம்மையாருக்கு நாட்டின் பெருஞ்சிறப்புச் செய்யப்பட்டது. டெசி இறக்குமுன் எழுதி வைத்திருந்த பாராட்டுரை அவ்வவையில் படிக்கப்பட்டது. தொடரின் வெற்றியில் பெரும்பங்கை அம்மையாருக்கே உரித்தாக்கி எழுதியிருந்தார். மணமுறிந்து இருபத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தும், மேன்மாடத்தில் அமர்ந்திருந்த அம்மையார் கண்ணீரை அடக்கமாட்டாதவராயினார். 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் அவரும் மறைந்தார்.

நாம் கொள்ளத்தக்கது

டெசி ஆர்னாஸ் குறையற்றவர் அல்லர். உரிமையின் அருமை அறிந்தவர்; ஆயினும் தாம் தேடியவற்றுள் படச்சுருளையும் ஸ்டூடியோவையும் இல்லறத்தையும் ஒவ்வொன்றாகக் கைவிட நேர்ந்தவர். எனினும், நிகழ்ச்சி முடிந்ததும் காற்றோடு போகும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், அது நிற்கும் என்று நம்பி, அந்நம்பிக்கைக்காகத் தம் சம்பளத்தையும் விட்டுக்கொடுத்தார். அச்செயல், உரிமை கேட்கத் துணிந்த பின்வந்த படைப்பாளர்க்கு ஒரு முன்மாதிரியாக நின்றது. பிலிம் நாடாவாகி, நாடா இணையவழியாகி, வாடகை முறைகளும் மாறிவிட்டன. ஆயினும் முதல் வினா மாறவில்லை. படம் யாருடையது?

நம் காலனியிலும் எழுதுவோர் உளர், பாடுவோர் உளர், படம் எடுத்து இணையத்தில் இடும் இளைஞரும் பெருகி வருகின்றனர். நாளை அவர்கள் முன்னும் ஓர் ஒப்பந்தத்தாள் வைக்கப்படும். அதில் ஊதியம் எழுதிய வரியைப் படித்தவுடன் கையெழுத்திட்டுவிடாமல், உடைமை எழுதிய வரியையும் தேடிப் படிப்பாராக. அவ்வரி இல்லையெனின், எழுதுமாறு கேட்பாராக. கேட்டதனால்தான் கியூபாவிலிருந்து வெறுங்கையோடு வந்த ஒருவர் தோப்பிற்கு உரியவரானார்.